மண் எங்கே போனது?

1964 ஜூலை 17. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மெடிசின் ஹாட் நகருக்கு அருகே உள்ள சஃபீல்டு புல்வெளியில், டிஎன்டி கட்டிகளை அடுக்கடுக்காக வைத்து அரைக்கோள வடிவில் ஒரு மேடு எழுப்பியிருந்தார்கள். கட்டி ஒன்று 15 கிலோ. மொத்தம் 30,000 கட்டிகளுக்கு மேல். எடை 500 அமெரிக்க டன், அதாவது சுமார் 450 மெட்ரிக் டன். உயரம் ஐந்து மீட்டரைத் தாண்டும். சோதனைக்கு ஸ்னோபால் என்று பெயர் வைத்திருந்தார்கள். கனடாவோடு அமெரிக்காவும் பிரிட்டனும் அதில் பங்கெடுத்தன.

கண்ணுக்குத் தெரிந்தது அந்த மேடு. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அதற்குக் கீழே இருந்தது. வெடிப்புக்கு வெகுநாள் முன்பே அந்த நிலத்தில் துளைகள் போட்டிருந்தார்கள். சில துளைகளில் கருவிகளை இறக்கி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு இறுக்கினார்கள். வேறு சில துளைகளில் கருவி எதுவும் இல்லை. சாயம் ஏற்றிய மணலை மட்டும் கொட்டி நிரப்பினார்கள். வெடித்தபின் அந்த மணல் எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதற்காக.

இவ்வளவு பாடு எதற்கு? 1963-இல் கையெழுத்தான பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம், வளிமண்டலத்திலும் கடலுக்கடியிலும் விண்வெளியிலும் அணுகுண்டு வெடிப்பதைத் தடை செய்தது. ஆனால் பனிப்போர் நின்றுவிடவில்லை. அமெரிக்கா தன் ஏவுகணைகளைப் பூமிக்குள் கான்கிரீட் குழாய்களில் வைத்திருந்தது. பக்கத்தில் ஓர் அணுகுண்டு விழுந்தால் அந்தக் குழாயைச் சுற்றியுள்ள மண் என்ன செய்யும்? ஒரு கையளவு நகருமா, ஓர் ஆள் உயரத்துக்கு நகருமா? குழாயோடு சேர்ந்து நகருமா, குழாயை நசுக்கிவிட்டு நகருமா? பொறியாளர்களுக்கு விடை தேவைப்பட்டது. அணுகுண்டுக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான டிஎன்டி கட்டிகளை அடுக்கி வெடித்துப் பார்த்த காலம் அது. இந்த அறிவு போருக்காகவே தேடப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேடக் கிடைத்ததில் பெரும்பகுதி போருக்கு வெளியே உள்ளவர்களுக்குப் பயன்பட்டது.

மண்ணின் அசைவை அளப்பதில் முதல் சிக்கல், அளக்கும் பொருளும் மண்ணுக்குள் இருந்தாக வேண்டும் என்பது. காற்றில் பரவும் அதிர்ச்சியை அளக்க ஒரு கம்பத்தில் அழுத்தமானியைப் பொருத்தினால் போதும். மண்ணில் அப்படி முடியாது. ஒரு கருவியைப் புதைத்த மறுகணமே அந்த இடத்தில் இருந்த மண் பழைய மண்ணாக இருப்பதில்லை. கருவி சுற்றியுள்ள மண்ணைவிடக் கனமாக இருந்தால் மண் நகரும்போது அது பின்தங்கும். இலேசாக இருந்தால் முந்திக்கொள்ளும். மண்ணைவிட விறைப்பாக இருந்தால் அழுத்தம் முழுவதும் அதன்மேல் வந்து குவியும். நெகிழ்வாக இருந்தால் மண் அதன் மேலே வளைவுபோல் நின்று பாரத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். ஆகவே அலுமினியக் குப்பிகளைச் செய்து, உள்ளே வேண்டிய அளவு வெற்றிடம் விட்டு, மொத்தக் குப்பியின் அடர்த்தி மண்ணின் அடர்த்திக்குச் சமமாக வருமாறு பார்த்துக்கொண்டார்கள். அலுமினியத்தின் அடர்த்தி கனசென்டிமீட்டருக்கு 2.7 கிராம், மண்ணுக்கு 1.6 முதல் 2 வரை. அந்த இடைவெளியைத்தான் வெற்றிடம் ஈடுகட்டியது. துளையை மூடும் மண்ணின் ஈரமும் இறுக்கமும் பழைய மண்ணுக்கு நிகராக இருக்க வேண்டும் என்பது அதைவிடக் கடினமான வேலை. கருவி எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் அதைப் புதைத்தவரின் கையில்தான் அளவீட்டின் தரம் இருந்தது.

குப்பிக்குள் என்ன வைப்பது? முதலில் நினைவுக்கு வருவது முடுக்கமானி. முடுக்கத்தை நேரத்தோடு ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம் கிடைக்கும். இன்னொரு முறை தொகையிட்டால் இடப்பெயர்ச்சி கிடைக்கும். பள்ளிப் பாடத்தில் இது இரண்டு வரி. வெடிப்புக் களத்தில் இதுவே பெருந்தொல்லை. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வெடிப்புக்கு அருகில் மண்ணின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் ஆயிரம் மடங்கு போகலாம். அதை ஆயிரம் ஜி என்பார்கள். அதைத் தாங்கும் முடுக்கமானியை வைக்கிறோம். முதல் அதிர்ச்சியில் அதன் சுழிநிலை ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு ஜி மட்டும் பிசகிவிடுகிறது என்று கொள்வோம். முடுக்க வரைபடத்தில் அந்தப் பிசகு கண்ணுக்கே தெரியாது. ஆனால் இரண்டு முறை தொகையிட்டதும் அது நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். ஒரே விநாடியில் பிழை ஏறத்தாழ ஐந்து மீட்டர். மண் உண்மையில் நகர்ந்தது அரை மீட்டராக இருக்கலாம். விடையைவிடப் பிழை பத்து மடங்கு பெரியது.

இதைச் சமாளிக்க ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். குப்பிக்குள் ஒரு சிறு ஊசலை வைத்து, அதைக் கெட்டியான சிலிக்கோன் எண்ணெயில் மூழ்கடித்தார்கள். எண்ணெயின் தடை மிகுதியாக இருப்பதால் ஊசல் துள்ளாது, மெல்ல விலகும். அப்படி விலகும் தூரம் மண்ணின் முடுக்கத்துக்கு ஏற்ப அமையாமல் திசைவேகத்துக்கு ஏற்ப அமையும். ஒரு தொகையீட்டை மின்சுற்றும் காகிதமும் செய்வதற்குப் பதிலாக எண்ணெயே செய்து கொடுத்துவிடுகிறது. மீதி இருப்பது ஒரு தொகையீடுதான். பிழையும் இனி நேரத்தின் இருமடிக்கு ஏற்ப வளராது. அமெரிக்க வெடிப்புச் சோதனைகளில் இத்தகைய திசைவேகமானிகள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன.

மண் எவ்வளவு நசுங்குகிறது என்பதை அளக்க வேறொரு ஏற்பாடு. இரண்டு தட்டையான கம்பிச் சுருள்களைச் சில சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிராகப் புதைப்பார்கள். ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாயும். மற்றதில் மின்னழுத்தம் தூண்டப்படும். இடைவெளி மாறினால் தூண்டப்படும் மின்னழுத்தமும் மாறும். இரண்டு சுருள்களுக்கும் நடுவே கம்பியோ தண்டோ எதுவும் இல்லை, மண் மட்டுமே இருக்கிறது. மண்ணின் திரிபை அதன் போக்கில் விட்டு அளக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தமானது.

என்ன கருவி வைத்தாலும் கேபிள் ஒன்று வேண்டும். மண் நகரும்போது கேபிள் இழுபடும், நசுங்கும், அறுபடும். அதனால் கேபிளைத் தளர்வாக வளைத்து வளைத்து மணலில் புதைப்பது வழக்கம். அப்படியும் வெடிப்புக்கு மிக அருகில் இருந்த கருவிகள் முதல் சில மில்லிவிநாடிகளைச் சொல்லிவிட்டு ஓய்ந்துவிடும். மண் மிகப்பெரிய தூரம் நகர்ந்த இடத்தில்தான் கருவிகள் மிகக் குறைந்த நேரம் உயிரோடிருந்தன.

சாய மணலுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அதற்குக் கேபிள் கிடையாது, சுழிநிலை கிடையாது. முறை இதுதான்: வெடிப்பு மையத்திலிருந்து ஒரே கோட்டில், அளந்த தூரங்களில் செங்குத்துத் துளைகள் போடுவது. ஒவ்வொரு துளையிலும் ஆழத்துக்கு ஆழம் நிறம் மாற்றி மணலைக் கொட்டுவது. துளையின் இடத்தையும் நிற எல்லைகளின் ஆழத்தையும் நில அளவையில் பதிவு செய்வது. மண்ணுக்குள் ஆங்காங்கே எண் பொறித்த சிறு உலோகக் குப்பிகளையும் புதைப்பதுண்டு. வெடிப்புக்குப்பின் அதே கோட்டின் வழியே குழியை நெடுக வெட்டி, ஒரு சுவர்போல் செதுக்கிச் சீர்படுத்துவது. அந்தச் சுவரில் மணல் தூண்கள் தெரியும். வெளிப்புறத்தில் உள்ளவை நேராக நிற்கும். உள்ளே வரவர வளையும், சாயும், மெலியும், ஓரிடத்தில் தடித்துக் குறுகும். அதற்கும் உள்ளே அடிப்பகுதி மட்டும் இருக்கும், மேற்பகுதி இருக்காது. தூண் அறுந்த புள்ளிகளையெல்லாம் இணைத்தால் வருவதுதான் உண்மையான குழி. அதற்கு மேலே, வீசியெறியப்பட்டுத் திரும்ப விழுந்த உதிரி மண் நிரம்பிக் கிடக்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது அந்த உதிரி மண்ணின் மேற்பரப்பு மட்டுமே. படத்தில் நாம் காணும் குழி ஒன்று, வெடிப்பு வெட்டிய குழி வேறொன்று.

சுவரைச் செதுக்கும் வேலையில் அவசரம் உதவாது. மண்வெட்டி ஒரு பக்கம் சாய்ந்தாலும் சிவப்பு மணல் இழுபட்டு, இல்லாத ஒரு வளைவு முளைத்துவிடும். அதனால் கடைசிச் சில சென்டிமீட்டர்களைக் கரண்டியும் தூரிகையும் கொண்டு எடுப்பார்கள். தொல்லியல் அகழ்வைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

நெவாடா பாலைவனத்தில் அணுகுண்டுக் குழிகளிலும் இதே முறையைக் கையாண்டிருந்தார்கள். 1951 நவம்பர் 29 அன்று வெடித்த ஜாங்கிள் யு, 1955 மார்ச் 23 அன்று தரைக்குக் கீழே 20 மீட்டர் ஆழத்தில் வெடித்த டீப்பாட் எஸ் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரு கிலோடன் ஆற்றல் கொண்டவை. டீப்பாட் எஸ் குழியின் குறுக்களவு ஏறத்தாழ 90 மீட்டர். நிலவியலாளர் யூஜின் ஷூமேக்கர் இந்தக் குழிகளின் விளிம்பை ஆராய்ந்தார். விளிம்பில் மண் கண்டபடி சிதறியிருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் பாயின் ஓரத்தைத் தூக்கி மடித்துப் போட்டதுபோல் மண் அடுக்குகள் வெளிப்புறமாகப் புரண்டு, மேலே இருந்தது அடியிலும் அடியில் இருந்தது மேலேயுமாக, தலைகீழ் வரிசையில் கிடந்தன. அரிசோனாவில் 1.2 கிலோமீட்டர் அகலமுள்ள பாரிங்கர் குழியின் விளிம்பிலும் அதே தலைகீழ் வரிசையை அவர் கண்டார். சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்க வேண்டிய சிவப்பு மணற்கல் அதற்கு அடியில் கிடந்தது. அது எரிமலை வாயா, விண்கல் மோதிய வடுவா என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவந்த வாதம் முடிவுக்கு வருவதில் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1960-இல் எட்வர்டு சாவோ, ஷூமேக்கர், பெத் மேட்சன் மூவரும் அங்கே கோயசைட் என்ற உயரழுத்தக் கனிமத்தைக் கண்டறிந்ததும் ஐயம் பெரிதும் நீங்கியது.

அந்த அணுகுண்டுக் குழிகளில் இறங்கித் தோண்டுவது கதிரியக்கத்துக்கு நடுவே செய்யும் வேலை. சஃபீல்டு குழியில் அந்த ஆபத்து இல்லை என்பது அதன் பெரிய வசதி.

ஸ்னோபால் வெடித்தபின் அங்கிருந்தவர்கள் கண்ட குழி யாரும் கணித்ததுபோல் இல்லை. கிண்ணம்போல் ஆழமான பள்ளத்தை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது அகன்று, ஆழமில்லாமல், தட்டையான அடித்தளம் கொண்ட பள்ளம். அதன் நடுவே ஒரு மேடு. குழியைச் சுற்றி வட்ட வட்டமாக நிலம் வெடித்திருந்தது. அந்தப் பிளவுகளின் வழியே தண்ணீரும் மணலும் பொங்கி வந்தன. குழிக்குள்ளும் நீர் ஏறியது.

சஃபீல்டு ஆய்வு நிலையத்தின் ஜி. எச். எஸ். ஜோன்ஸ் பல ஆண்டுகள் இந்தக் குழிகளை ஆராய்ந்தார். சாய மணலும் குறிப்பொருள்களும் காட்டிய செய்தி வியப்பானது. நடுவிலிருந்த மேடு, வீசியெறியப்பட்டுத் திரும்ப விழுந்த மண்ணால் ஆனதன்று. ஆழத்தில் கிடந்த அடுக்குகளே மேலெழுந்து வந்திருந்தன. வெடித்த கணத்தில் மண் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் தள்ளப்பட்டது. அதன்பின் குழியின் அடியிலிருந்த மண் உள்நோக்கியும் மேல்நோக்கியும் பாய்ந்தது. திடப்பொருளான மண், சில கணங்களுக்குப் பாய்மமாக நடந்துகொண்டது.

நிலவின் பெரிய குழிகளைத் தொலைநோக்கியில் பார்த்தவர்கள் நடுவே ஒரு சிகரம் நிற்பதைக் கண்டிருப்பார்கள். அது எரிமலையாக இருக்கலாம் என்று நெடுங்காலம் நினைத்தவர்கள் உண்டு. எரிமலை எதுவும் இல்லாத புல்வெளியில், ஒரே வெடிப்பில், நடுச்சிகரம் எழுவதை ஸ்னோபால் காட்டியது. 1968-இல் அதே சஃபீல்டில் 500 டன் டிஎன்டியைக் கோளமாக அடுக்கித் தரைமேல் வைத்து வெடித்த பிரெய்ரி ஃபிளாட் சோதனையில் நடுவே வளையங்கள் எழுந்தன. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் டேவிட் ராடி இந்தக் குழிகளையும் டென்னசி மாநிலத்தின் ஃபிளின் கிரீக் போன்ற பழைய மோதல் குழிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார். அளவில் பெரும் வேறுபாடு இருந்தாலும் அடுக்குகள் மடிந்த விதம் ஒத்துப்போயிற்று.

ஏன் நெவாடாவில் கிண்ணமும் சஃபீல்டில் தட்டையான குழியும்? நெவாடா மண் வறண்டது. சஃபீல்டில் வண்டலும் களிமண்ணும். நிலத்தடி நீர் ஏழு மீட்டர் ஆழத்திலேயே இருந்தது. மண் என்பது மணியும் நீரும் காற்றும் சேர்ந்தது. வறண்ட மண்ணில் அதிர்ச்சி அலை வந்தால் முதலில் காற்றிடைவெளிகள் நசுங்கும். மணிகள் நெருங்கி அடையும். அலையின் ஆற்றலில் பெரும்பகுதி அதிலேயே செலவாகிவிடும். அலை போனபின்னும் மண் பழைய கனஅளவுக்குத் திரும்பாது. நீர் நிறைந்த மண்ணில் நசுங்குவதற்கு இடம் இல்லை. அழுத்தம் முழுவதையும் நீர் ஏற்கும். மணிகளுக்கிடையே உள்ள பிடிப்பு தளர்ந்து மண் குழம்பாகும். அலையின் வேகமே இந்த வேறுபாட்டைச் சொல்லும்: தளர்ந்த வறண்ட மண்ணில் விநாடிக்கு 300 மீட்டர் அளவில் போகும் அலை, நீர் நிறைந்த மண்ணில் 1,500 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் அந்த நீரில் நூற்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழ்கள் கலந்தாலே வேகம் மீண்டும் சில நூறு மீட்டருக்கு இறங்கிவிடும். ஆகவே வெடிப்புக்கு முன் நீர்மட்டத்தை அளந்தால் மட்டும் போதாது. நீருக்குள் எவ்வளவு காற்று என்பதையும் அறிய வேண்டும்.

ஒவ்வொரு கேள்விக்கும் 500 டன் அடுக்க முடியாது. 1970-களில் டேட்டன் பல்கலைக்கழகத்தில் பீகுடோவ்ஸ்கி, தடித்த கண்ணாடிச் சுவரை ஒட்டிய மணலில் ஓரிரு கிராம் வெடிபொருளை வெடித்து, குழி உருவாவதைப் பக்கவாட்டிலிருந்து அதிவேகக் கேமராவில் படம்பிடித்தார். சியாட்டிலில் போயிங் நிறுவனத்தின் ராபர்ட் ஷ்மிட்டும் கீத் ஹோல்சாப்பிளும் மண் நிரம்பிய தொட்டியை மையவிலக்கியில் சுழற்றி, சுழலும்போதே வெடித்தார்கள். பெரிய வெடிப்பில் குழியின் அளவை மண்ணின் வலிமையைவிட அதன் எடையே கட்டுப்படுத்துகிறது; ஈர்ப்பைக் கூட்டினால் சிறிய வெடிப்பும் பெரியதைப்போல் நடந்துகொள்ளும் என்பதே அவர்கள் கருத்து. ஈர்ப்பு 500 மடங்கானால் ஆற்றலை 500-இன் மும்மடியால் பெருக்க வேண்டும். ஒரு கிராம் 12.5 கோடி கிராமுக்கு, அதாவது 125 டன்னுக்கு ஈடாகும்.

இந்தக் கணக்குகளுக்குக் கட்டுப்படாமல் நின்றவை பசிபிக் பெருங்கடல் பவளத் தீவுகளின் குழிகள். 1952-இல் எனிவெடாக் பவளத்தீவில் வெடித்த 10.4 மெகாடன் ஐவி மைக், எலுகலாப் என்ற தீவையே இல்லாமல் ஆக்கியது. அங்கே ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர் அகலத்துக்குக் குழி. ஆழமோ 50 மீட்டர்தான். நெவாடா அளவுகளை வைத்துப் போட்ட எந்தக் கணக்கிலும் இவ்வளவு அகலம் வரவில்லை. ஏவுகணைக் குழாய்களை எங்கே எப்படி அமைப்பது என்று தீர்மானித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தலையாய கேள்வி. 1984-85-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தினர் எனிவெடாக்குக்குப் போய், 1958-இல் வெடித்த ஓக், கோவா ஆகிய குண்டுகளின் குழிகளில் கடலடியைத் துளையிட்டு மாதிரிகள் எடுத்தார்கள்.

அங்கே யாரும் சாய மணல் புதைத்திருக்கவில்லை. ஆனால் பவள மணலின் ஒவ்வொரு அடுக்கிலும் அந்தந்தக் காலத்தில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் இருந்தன. ஆஸ்ட்ரகாடு என்ற மிகச் சிறிய உயிரின் ஓட்டை நுண்ணோக்கியில் பார்த்து, அது எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று தொல்லுயிரியலாளர் சொல்லிவிடுவார். ஆழத்து ஓடு மேலே கிடந்தால் அந்த மண் மேலே வந்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பார்த்தபோது, குண்டு வெட்டியெடுத்த குழி பார்வைக்குத் தெரியும் குழியைவிட மிகச் சிறியது என்று தெரியவந்தது. அதிர்ச்சியில் பவள மணல் குழம்பாகி, நீரோடு மேலே பொங்கி, பின் மெல்ல அடைந்து, கரைகள் சரிந்து, குழி அகன்றிருக்கிறது. அகலத்தில் பெரும்பங்கு வெடிப்புக்குப் பிந்தையது. எனிவெடாக் மக்கள் 1947-இல் தங்கள் தீவுகளைவிட்டு அப்புறப்படுத்தப்பட்டு, 1980-இல்தான் திரும்ப முடிந்தது. இந்தத் தெளிவுக்கு அடியில் அவர்கள் இழந்த நிலம் இருக்கிறது; அதைச் சொல்லாமல் அந்தக் குழிகளைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில், கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்தது. சேமித்து வைத்ததாகப் பதிவில் இருந்தது 2,750 டன். இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிடங்கு இருந்த இடத்தில் நூறு மீட்டருக்கு மேல் அகலமான குழி தோன்றி, கடல்நீர் புகுந்து நிரம்பியது. உண்மையில் எவ்வளவு வெடித்தது என்பது விசாரணைக்கும் நீதிக்கும் முக்கியமான கேள்வி. ஆய்வாளர்கள் காணொளிகளில் தெரிந்த தீக்கோளத்தையும் அதிர்ச்சி அலையையும், நிலநடுக்க மானிகளின் பதிவுகளையும், குழியின் அளவையும் வைத்துத் தனித்தனியே கணக்கிட்டார்கள். விடைகள் பெரும்பாலும் அரை கிலோடன்னுக்கும் ஒரு கிலோடன்னுக்கும் இடையே பரவிக் கிடந்தன. குழியை மட்டும் வைத்துப் போட்ட கணக்கில், அடியில் இருந்த மண்ணை வறண்டதாகக் கொண்டால் ஒரு விடை, நீர் நிறைந்ததாகக் கொண்டால் வேறொரு விடை. துறைமுகத் தளமோ கடலை ஒட்டியது. அடியிலிருந்த மண் நீரில் ஊறியது. அத்தகைய மண்ணில் அதே அகலக் குழியை வெட்டக் குறைந்த வெடிபொருளே போதும்.